காபிக்காகத்தான் பவனா

மீனம்பாக்கத்தில் விமானத்தடிக்கு வந்த பஸ்ஸை விட்டு இறங்கி மங்களேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். விசிறி வைத்த சின்ன விமானம். வால்பக்கம் ஒரு குட்டிக் கதவு, அதற்கு ஒரு குட்டிப் படி, படியின் உச்சியில் ஒரு பெண் நின்று ஏறுகிற எல்லோருக்கும் ஒரே சிரிப்பைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். விமானத்தின் பக்கவாட்டில் பிரிஸ்க் என்று பச்சை எழுத்து. இந்தப் பச்சையில் இனி ஜென்மத்துக்கும் ஏற மாட்டேன் என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் இறங்கி நின்றுதான் சொன்னாள், யாரிடமும் இல்லை, தனக்குத்தானே. அப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற சத்தியத்தைத்தான் மனுஷி ரொம்பக் கறாராகக் காப்பாற்றுவாள். காப்பாற்றியும் வந்தாள். மதுரைக்குப் பவனா என்கிற இன்னொரு கம்பெனி விமானம், கோயம்புத்தூருக்குப் பவனா, பவனா போகாத ஊருக்கு ரயில், ரயில் சரிப்படாத ஊருக்கு உடம்பு சரியில்லை. இன்றைக்குப் பச்சை. ஆபீஸ் உத்தரவு. இனிமேல் எல்லோரும் பிரிஸ்க்கில்தான் போக வேண்டும், விதிவிலக்கு கிடையாது என்று போன வாரம் மெயில் வந்தது. விதிவிலக்கு என்று தட்டியவன் மனசில் யார் முகம் இருந்தது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? போங்கடா நீங்களும் உங்க மெயிலும் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வரிசை நகர்ந்தது, அவளும் நகர்ந்தாள்.

அப்படி என்னதான் மேடம் இருக்கு அந்தப் பவனாவுல, என்று கேட்பான் பிரகதீஷ். ஆபீஸில் எல்லோருக்கும் டிக்கெட் போடுகிறவன், நல்லவன்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது. காபி நல்லா இருக்கும்ப்பா, என்பாள். காபிக்காகவா மேடம்? ஆமா, காபிக்காகத்தான், உனக்கென்ன? அந்தப் பதில் ஆபீஸ் முழுக்கச் சுற்றி, மங்களா மேடத்துக்குக் காபி இல்லாவிட்டால் விமானம் மேலே எழும்பாது என்று ஆகி, அதுவும் பத்தாமல் வேறு கதைகள் கிளம்பின. பாயிண்ட் சேர்க்கிறாள், சேர்த்துக் குடும்பத்தோடு சிங்கப்பூர் போகப் போகிறாள். பவனாவில் தங்க அட்டை வைத்திருக்கிறாள், அந்த அட்டையைக் காட்டி ஓய்வறையில் போய் இட்லி தின்கிறாள். தின்கிறாள் என்று சொல்லும்போது மட்டும் குரல் ஒரு மாதிரி இறங்கும், அடுத்த மேஜையில் ஒரு சிரிப்பு அமுங்கும், அதெல்லாம் அவளுக்குக் கேட்கும். இந்த உடம்போடு வாழ்கிற யாருக்கும் காது கூர்மையாகிவிடும். அட்டையும் இல்லை, இட்லியும் இல்லை. பவனா காபி உண்மையில் கழுநீர் மாதிரிதான் இருக்கும். உண்மையான காரணம் ஒரு முழ நீளம். விமானத்து பெல்ட் அவளுக்குப் பத்தாது, அவ்வளவுதான் சமாச்சாரம். இந்தப் பக்கத்து வாரையும் அந்தப் பக்கத்து வாரையும் இழுத்துப் பிடித்தாலும் நடுவில் ஒரு முழம் பாக்கி நிற்கும். அந்த ஒரு முழத்தை நிரப்ப எல்லா விமானத்திலும் ஆரஞ்சுக் கலரில் ஒட்டு பெல்ட் ஒன்று வைத்திருக்கிறார்கள், கேட்டால் தருவார்கள். எப்படித் தருகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது எல்லாம்.

ஒன்றும் நடக்கவில்லை, யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே பிரிஸ்க்கில், இதே கோயம்புத்தூருக்கு, ஒரு ஹோஸ்டஸ் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டாள். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். திரும்பி வரும்போது எந்த சீட் என்று மறந்துபோய், கையை மேலே தூக்கி அந்த ஆரஞ்சு வாரைத் தொங்கவிட்டு, பெரிய பெல்ட் யார் கேட்டது, பெரிய பெல்ட் யாருக்கு, என்று நடைபாதையில் கூவிக்கொண்டே வந்தாள். அவள் மேல் தப்பில்லை, சின்னப் பெண், அவசரத்தில் இருந்தாள், ஆனால் அந்த வார் ஒவ்வொரு வரிசையாகத் தாண்டி வரும்போது ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. யாருக்கு, யாருக்கு என்று விமானம் பூராவும் தேடியது. மங்களேஸ்வரி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கில்லை. நான் கேட்கவே இல்லை. அந்தப் பெண் வந்து, மேடம் நீங்கதானே, என்று கேட்க, இல்லை என்று சொல்லிவிட்டாள்! பொய் சொன்னாயிற்று, இனி இருக்கிற பெல்ட்டையே கட்ட வேண்டும், கட்ட முடியவில்லை, முந்தானையை எடுத்து மடியில் பரப்பி இரண்டு கொக்கியையும் அதற்குள் ஒளித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முந்தானை எதற்கு இருக்கிறது, எல்லாவற்றையும் மூடத்தானே? சேலத்து மலைகளுக்கு மேலே போகும்போது விமானம் கீழே விழுந்தது. விழவில்லை, பைலட் பாஷையில் அது வெறும் ஆட்டம், ஆனால் மற்றவர்கள் எல்லாம் சீட்டோடு சேர்ந்து இறங்க, அவள் மட்டும் சீட்டை விட்டு மேலே கிளம்பினாள், தலை மேல்தட்டில் இடித்தது, இரண்டு கையாலும் முன் சீட்டைக் கட்டிக்கொண்டாள், வாயில் சொந்த ஊர் பரமக்குடி அம்மன் பேர்கூட வரவில்லை, ஐயோ பெல்ட், ஐயோ பெல்ட் என்றுதான் வந்தது. வெட்கத்துக்குப் பயந்து உயிரை விடப் பார்த்தாயேடி பாவி! அன்றைக்குச் செய்த சத்தியம்தான் அது.

படி ஒரு ஆள் அகலம்தான். அவள் ஏறும்போது பின்னால் வந்தவர்கள் காத்திருந்தார்கள், காத்திருக்கட்டும். வாசலில் நின்ற பெண்ணின் சட்டையில் அபிராமசுந்தரி என்று பேர் ஒட்டியிருந்தது, குட் மார்னிங் மேடம் என்றாள், கண் ஒரு நொடி கீழே போய் மேலே வந்தது. மங்களேஸ்வரி அதையும் பார்த்தாள், எதைத்தான் பார்க்காமல் விடுகிறாள்? வாசலுக்குப் பக்கத்திலேயே அவள் சீட், கடைசி வரிசை, ஒரு பக்கத்துக்கு இரண்டே இரண்டு சீட், அவளுக்கு ஜன்னலோரம். நடைபாதை ஓரத்து சீட்டில் ஒரு பெரியவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார், வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, பாக்கெட்டில் மூன்று பேனா. "வாங்க வாங்க, உள்ள போய்க்கறீங்களா?" என்று எழுந்து நின்றார். "சார், நீங்க ஜன்னல் பக்கம் போறீங்களா? எனக்கு இந்த ஓரம்னா கொஞ்சம் வசதியா இருக்கும்," என்றாள். இவ்வளவு மரியாதையாக உலகத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "அது மட்டும் வேண்டாமுங்க," என்றார் அவர், உடனே, யோசிக்கக்கூட இல்லை. "வேற என்ன வேணாலும் கேளுங்க, தர்றனுங்க. இது நம்மளுக்கு வழக்கமான சீட்டுங்க." சரியான பிடிவாதக்காரக் கிழம் என்று நினைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். நுழைவது என்றால் நுழைவதுதான், பக்கவாட்டில், மூச்சை உள்ளே இழுத்து, முன் சீட்டில் இருக்கிறவன் தலைமுடியில் கைப்பை உரசாமல், உட்கார்ந்து, இடுப்பை ஒரு பக்கமாகச் சரித்து, அடியில் மாட்டிக்கொண்ட வாரை உருவி எடுத்து. இந்த சீட்டுகளை எந்த மகராசன் அளவெடுத்துச் செய்தானோ, அவனும் அவன் வீட்டாரும் குச்சியாக இருந்திருப்பார்கள்.

ஹெலன் இருந்தால் இந்நேரம் பேப்பர் வந்திருக்கும். பவனாவில் ஹெலன் என்று ஒரு ஹோஸ்டஸ், தூத்துக்குடிக்காரி, நாற்பதைத் தாண்டியவள், முதல் தடவை அவளிடம் பெல்ட் கேட்கும்போது மங்களேஸ்வரிக்குக் குரலே எழும்பவில்லை, வாய் மட்டும் அசைந்தது. ஹெலன் ஒன்றும் கேட்கவில்லை, போனாள், நாலாக மடித்த தினசரிப் பேப்பர் ஒன்றோடு வந்தாள், "மேடம், நீங்க கேட்ட பேப்பர்," என்று மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் பேப்பர் கேட்கவில்லையே என்று தொட்டுப் பார்த்தால் உள்ளே கனமாக ஏதோ. ஆரஞ்சு. பேப்பருக்குள்ளேயே கைவிட்டு மாட்டிக்கொண்டாள். பக்கத்து சீட்டுக்காரனுக்குக்கூடத் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, தலைப்புச் செய்தி ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது அதே மாதிரி பேப்பருக்குள் வைத்து மடித்துக் கொடுத்தாள், ஹெலன் வாங்கிக்கொண்டாள், தேங்க்ஸ் மேடம். அன்றிலிருந்து பவனா. ஹெலன் மற்றவர்களுக்கும் சொல்லி வைத்திருந்தாளோ என்னவோ, யார் இருந்தாலும் பேப்பர் வந்தது. அது பணிவா, பழக்கமா, பாவமா, எதுவாக இருந்தால் என்ன, விமானத்தில் ஒரு கேள்வியும் இல்லாமல் உட்கார முடிந்தது. மூன்று வருஷம் ஊர் ஊராகப் போனாள். ஆஸ்பத்திரிகளில் டயாலிசிஸ் மெஷின் புதிதாக வந்து இறங்கும்போது நர்ஸ்களுக்கு அதை ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வேலை அவளுக்கு. எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் மங்களா மேடம் வந்துட்டாங்களா என்று கேட்பார்கள். வந்துவிட்டார்கள், பேப்பர் படித்துக்கொண்டே வந்துவிட்டார்கள்.

"நீங்க இதுல புதுசுங்களா?" என்றார் பக்கத்து சீட்டுப் பெரியவர். நாச்சிமுத்து என்று பேர் சொன்னார், பீளமேட்டில் பம்பு செட்டுக்கு உதிரி பாகம் செய்கிற பட்டறையாம், சென்னைக்கு வாராவாரம் வந்து போகிறாராம். எப்பவும் பவனாவில் போவேன் என்றாள், பேச்சை முடித்துவிடுகிற குரலில். அவர் முடிக்கிற ஆள் இல்லை. "பவனா என்னங்க பவனா! அவன் கிளம்பறதுக்குள்ள நம்ம போற சோலியே முடிஞ்சு போயிருதுங்க. நானும் எல்லாத்துலயும் போய்ப் பார்த்தாச்சு. பிரிஸ்க்னா டைமுங்க. சொன்னா சொன்ன டைமுக்கு எடுத்துருவான். நம்மளுக்கு டைம்தானுங்க முக்கியம், வேற என்ன வேணும்? ஏனுங்க, பவனாவுல அப்படி என்ன கண்டீங்க?" இங்கேயும் பிரகதீஷ். உலகம் பூராவும் பிரகதீஷ். "காபி நல்லா இருக்கும்," என்றாள். "காபிங்களா!" அவர் நிஜமாகவே அதிர்ந்துபோனார். "கோயமுத்தூர் எறங்கி நல்ல காப்பியா குடிக்கறதை விட்டுப்போட்டு, அந்தக் காகிதக் கப்புல குடிக்கறதுக்கா அவன்கிட்டப் போறீங்க?" ஆமாம் என்று சிரித்து வைத்தாள். அபிராமசுந்தரி தண்ணீர் பாட்டில் தட்டோடு வந்தாள், மங்களேஸ்வரி எடுத்துக்கொண்டாள், பெரியவர் வேண்டாம் என்று கையை அவசரமாக ஆட்டினார். அவள் போய் முன்வரிசைகளுக்குள் மறைந்ததும் மங்களேஸ்வரி கைப்பையைத் திறந்தாள். அவள் ஒன்றும் வெறுங்கையோடு வரவில்லை. உள்ளே ஒரு பேப்பர் இருந்தது, பழசு, நாலாக மடித்தது.

போன மாசம் மதுரையில் இறங்கும்போது நடந்த கூத்து அது. அவளைக் கூட்டிப்போக வந்தவன் வாசலில் நின்று போன் மேல் போன் அடித்துக்கொண்டிருந்தான், அவசரத்தில் பேப்பரை மடித்து ஹெலன் கையில் கொடுப்பதற்குப் பதில் பைக்குள் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். வேறு யாராவது இப்படி ஒரு தப்பு செய்வார்களா? பேப்பருக்குள் பெல்ட்டை வைத்துக் கொடுத்து வாங்கிப் பழகிய இரண்டே பேருக்கு நடுவில்தான் இப்படி ஆகும். ராத்திரி லாட்ஜில் பையைத் திறந்தபோது ஆரஞ்சு எட்டிப் பார்த்தது, ஐயையோ திருடி என்று தலையில் அடித்துக்கொண்டாள். திரும்பக் கொடுக்கத்தான் நினைத்தாள். பிறகு ஹெலனைப் பார்க்கவே இல்லை, பிறகு மெயில் வந்துவிட்டது, பிறகு ஒரு யோசனை வந்தது. கையிலேயே சொந்தமாக ஒன்று இருக்கும்போது யாரிடம் கேட்க வேண்டும்? பிரிஸ்க்காவது கிஸ்க்காவது, வாங்கடா! இந்த ஒரு நினைப்பில்தான் காலையில் ஆட்டோவில் ஏறினாள், சிரித்துக்கொண்டேகூட ஏறினாள். இப்போது பேப்பருக்குள் கையைவிட்டு, பெரியவர் பார்க்காதபடி முழங்கையால் மறைத்துக்கொண்டு, பவனா வாரின் நாக்கை எடுத்து பிரிஸ்க் கொக்கிக்குள் செருகினாள். போகவில்லை. திருப்பிச் செருகினாள். போகவில்லை. கொக்கியின் வாய் சின்னது, நாக்கு அகலம். அது பெரிய விமானத்து வார், இது விசிறி விமானம், அளவே வேறு. இதைக்கூட யோசிக்காமல் வந்திருக்கிறாயே, இத்தனை வருஷம் ஏறி இறங்கி என்ன கிழித்தாய்? அமுக்கினாள், நகம் மடங்கியது. போகவில்லை. கழுத்தில் வியர்வை இறங்கியது, மேலே காற்று வருகிற ஓட்டையைத் திருப்பினாள், சூடாக ஊதியது. ஒரு முழம். அதே ஒரு முழம்.

வெளியே படியை மடித்துக் கதவை இழுத்து மூடுகிற சத்தம் கேட்டது, பக்கத்திலேயே, காதுக்குள்ளேயே. இனி இறங்கவும் முடியாது. முந்தானை இருக்கிறது. கைப்பையும் இருக்கிறது, மடியில் வைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியும், ஒன்றேகால் மணி நேரம், கண்ணை மூடித் திறந்தால் கோயம்புத்தூர். சேலத்து மலை. மேல்தட்டு. ஐயோ பெல்ட். இன்றைக்கு மேகம் வேறு கிடக்கிறது, பஸ்ஸில் வரும்போதே பார்த்தாளே. போன் கையில் இருந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே மேனேஜருக்கு ஒரு செய்தி தட்டி வைத்திருந்தாள், அனுப்பவில்லை: சார், இனிமேல் வெளியூர் வேலை என்னால் முடியாது, ஆபீஸிலேயே ஏதாவது இடம் கொடுங்கள். அதை அனுப்பினால் தீர்ந்தது. ஒரு மேஜை கொடுப்பார்கள், சக்கரம் வைத்த நாற்காலி கொடுப்பார்கள், அந்த நாற்காலிக்கு பெல்ட் கிடையாது. ஊர் ஊராகப் போக வேறு யாரையாவது அனுப்புவார்கள், ஒல்லியாக யாரையாவது. மங்களா மேடம் வரலையா என்று இரண்டு மாசம் கேட்பார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். பதினெட்டு வருஷ வேலையை ஒரு முழத் துணி முடித்து வைக்கப் போகிறது. முடிக்கட்டுமா? விரல் அந்த அனுப்புகிற அம்புக்குறி மேல் போய் நின்றது. அழுத்துடி. அழுத்தினால் அப்புறம் யாரும் உன்னைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். யாருமே பார்க்க மாட்டார்கள், அதுதான் விஷயம்.

எந்த ஆஸ்பத்திரியில் போய் நின்றாலும் மெஷினைத் தொடுவதற்கு முன்னால் அவள் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் எடை மெஷின். டயாலிசிஸுக்கு வருகிறவரை ஏறச் சொல்லி எடை பார்க்க வேண்டும், முடிந்ததும் திரும்பப் பார்க்க வேண்டும், உடம்பில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்தது, எவ்வளவு எடுத்தோம் என்று. நர்ஸ் பிள்ளைகள் வார்டு பூராவும் கேட்கிற மாதிரி கத்துவார்கள், எண்பத்தி நாலு, எழுதிக்கோ! தண்ணி குடிச்சீங்களா, சொன்னா கேக்க மாட்டீங்களா! எடையில் நிற்கிற மனுஷன் தலையைக் குனிவான். அப்போதெல்லாம் மங்களேஸ்வரி பாடத்தை நிறுத்திவிட்டு, இங்க பாருங்கம்மா, அவரு என்ன திருடிட்டா வந்தாரு, உடம்புல தண்ணி நின்னா நிக்கும், எடைன்னா எடை, அதைச் சொல்றதுல ஒரு தப்பும் இல்ல, ஆனா அவரைக் குத்தவாளி மாதிரி நிக்க வைக்காதீங்க, நிமிர்ந்து நிக்கச் சொல்லிப் பாருங்க, என்பாள். எத்தனை ஊரில் சொல்லியிருப்பாள்! நிமிர்ந்து நிற்கச் சொல்லுங்கள். சொன்னவள் மூன்று வருஷமாகப் பேப்பருக்குள் ஒளிந்துகொண்டு வருகிறாள். ஹெலன் செய்ததில் தப்பே இல்லை, அந்த மகராசி நல்லா இருக்கட்டும், அவள் அன்றைக்குக் கொடுத்தது ஒரு பேப்பர், நான்தான் அதற்குள்ளேயே குடித்தனம் நடத்திவிட்டேன். ஒளித்துக் கொடுத்ததற்காக ஒருத்தியைக் கொண்டாடினால், ஒளிக்க வேண்டிய ஒன்றுதான் இது என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகவில்லையா? எதை ஒளிக்கிறேன்? இதையா? விமானத்தில் இருக்கிற எல்லோருக்கும் கண் இருக்கிறது. நான் படி ஏறும்போதே பார்த்துவிட்டார்கள். தெரிந்த உடம்பைத் தெரியாமல் வைத்திருப்பதற்கு உயிரைக் கொடுக்க வேண்டுமா? அவளுக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாமல் வந்து, பிறகு தெரிந்து வந்தது. பெரிய பெல்ட் யாருக்கு? எனக்குத்தான். எனக்குத்தாண்டி! கையை மேலே தூக்கி, ஆளைக் கூப்பிடுகிற பொத்தானை அழுத்தினாள். டிங் என்றது.

அபிராமசுந்தரி முன்னாலிருந்து வேகமாக வந்தாள். "சொல்லுங்க மேடம்." "எனக்கு பெல்ட் பத்தல. ஒட்டு பெல்ட் ஒண்ணு வேணும்," என்றாள் மங்களேஸ்வரி. குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது, வகுப்பெடுக்கிற குரல் அது, வார்டின் கடைசிக் கட்டில்வரைக்கும் போகிற குரல். முன் வரிசையில் ஒரு தலை திரும்பியது, அதற்கு முன்னால் இன்னொன்று. அந்தப் பெண்ணுக்குத்தான் முகம் சிவந்துவிட்டது. குனிந்து, ரகசியம் மாதிரி, "மேடம், அது முன்னாடி பெட்டியில இருக்கு. நான் கம்பளிக்குள்ள வச்சு யாருக்கும் தெரியாம எடுத்துட்டு வந்துடறேன், நீங்க கவலைப்படாதீங்க," என்றாள். இவர்களும் கற்றுக்கொண்டுவிட்டார்களா! மூன்று வருஷத்தில் பிரிஸ்க்கும் பவனா ஆகிவிட்டது. காலையில் இதைக் கேட்டிருந்தால் அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பாள். "வேணாம்மா," என்றாள். "கம்பளி எல்லாம் வேணாம். கையிலயே எடுத்துட்டு வா." "மேடம், எல்லாரும்..." "எல்லாரும் பார்க்கட்டுமே. பெல்ட்தானே, பாம்பா? நீயும் கூச்சப்படாதே, நானும் படல. போய் எடுத்துட்டு வாத்தா." பரமக்குடி வாத்தா, எங்கிருந்தோ வந்துவிட்டது. அந்தப் பெண் ஒரு நொடி நின்று பார்த்தாள், பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்தது, முதல் தடவையாக, படியில் எல்லோருக்கும் கொடுத்த சிரிப்பு இல்லாத வேறொரு சிரிப்பு. முன்பக்கம் போனாள். திரும்பினாள். ஆரஞ்சு வார் கையில் தொங்க, முதல் வரிசை, அடுத்த வரிசை, தலைகள் திரும்பின, திரும்பட்டும், மங்களேஸ்வரி ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை, நேராக அந்த நடைபாதையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், யார் கண் அவள் கண்ணில் பட்டதோ அவர்களைப் பார்த்துத் தலையசைத்தாள். பாதிப் பேர் அவர்களே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். இதயம் என்னவோ அடித்துக்கொண்டுதான் இருந்தது, அது அடிக்கட்டும், அதன் வேலை அது.

வாங்கி, இரண்டு பக்கமும் மாட்டி, இழுத்தாள். கிளிக் என்றது. முந்தானையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள், மடியில் ஆரஞ்சு பளிச்சென்று கிடந்தது. நாச்சிமுத்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், பார்க்காத மாதிரி முன்னால் இருந்த விமானப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார். "சார்," என்றாள், "பவனாவுல என்ன கண்டீங்கன்னு கேட்டீங்களே. காபி எல்லாம் இல்ல. சகிக்காது அது. இதுக்குத்தான்." வாரைத் தட்டிக் காட்டினாள். "அவங்க இதை யாருக்கும் தெரியாம குடுப்பாங்க. அதனாலதான் மூணு வருஷமா அங்கயே போனேன்." அவர் புத்தகத்தை மூடி வைத்தார். விசிறி சுற்றத் தொடங்கி சீட் எல்லாம் அதிர்ந்தது, அந்தச் சத்தத்துக்குள் ஏதோ சொன்னார், கேட்கவில்லை, குனிந்து மறுபடி சொன்னார். "நானும் ஒண்ணு சொல்றனுங்க மேடம். டைமும் இல்ல, ஒரு மண்ணும் இல்லைங்க. இவனும் லேட்டாத்தான் எடுப்பான். கடைசி வரிசை ஓரத்து சீட்டை நம்மளுக்குன்னு நிறுத்திக் குடுக்கறது இவன் ஒருத்தன்தானுங்க. எந்திரிச்சா ரெண்டு எட்டுல கக்கூஸு. வயசாயிப்போச்சுங்களா, அடக்க முடியறதில்லைங்க. ஒருக்கா பவனாவுல போறப்ப நடுவால அந்தச் சாப்பாட்டு வண்டி வந்து நின்னுக்கிச்சு, தாண்ட முடியல..." நிறுத்தினார். தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். "வீட்டுலகூடச் சொன்னதில்லைங்க. அதுதானுங்க நீங்க சீட்டு கேட்டப்ப மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிப்போட்டேன், தப்பா நெனச்சுக்காதீங்க." மங்களேஸ்வரி அவரையே பார்த்தாள். மூன்று பேனாவும் திருநீறும். "அப்ப டைம்?" என்றாள். "அது உங்க காப்பி மாதிரிங்க," என்றார். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அடக்கவில்லை, வயிறு குலுங்கச் சிரித்தாள், ஆரஞ்சு வாரும் சேர்ந்து குலுங்கியது, அவரும் தோளை ஆட்டி ஆட்டிச் சிரித்தார், முன் வரிசைத் தலைகள் மறுபடி திரும்பின.

போனை அணைக்கச் சொல்லி அறிவிப்பு வந்தது. மேனேஜருக்குத் தட்டி வைத்த செய்தி இன்னும் அங்கேயே நின்றது. ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள், மொத்தமாக அழித்திருக்கலாம், ஆனாலும் ஒவ்வொன்றாகத்தான் அழித்தாள். விமானம் திரும்பி ஓடுபாதையின் முனையில் போய் நின்றது. பேப்பருக்குள் இருந்த பவனா வாரைப் பத்திரமாகப் பைக்குள் வைத்தாள், ஹெலனை ஏர்போர்ட்டில் தேடிப் பிடித்துக் கொடுக்க வேண்டும், பேப்பர் இல்லாமல். அதற்குள் நேரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே பிரகதீஷுக்கு அவசரம் அவசரமாக ஒன்று தட்டினாள்: அடுத்த வாரம் மதுரை. உத்தரவுப்படி பிரிஸ்க்லயே போடு. புக் பண்றப்பவே ஒட்டு பெல்ட் வேணும்னு எழுதிடு. யாருக்குன்னு கேட்டா மங்களா மேடத்துக்குன்னு சொல்லு, ஆபீஸ்ல எல்லாருக்கும் கேக்கற மாதிரியே சொல்லு. அனுப்பினாள். போனது.